தொப்பூர் இறக்கத்தில் எழுபத்தொன்று

அறுபத்திநாலு. அறுபத்தொன்பது. எழுபத்தொன்று. அதன்பிறகு வேகம் காட்டும் அந்த எண் மாறவே இல்லை.

போன் திரையை விரலால் இழுத்து இழுத்து விட்டேன். வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடியும் எழுபத்தொன்று. பச்சை நிற லாரிப் படம் தொப்பூர் இறக்கத்தில், ரெட்டைப் பாலத்துக்குச் சற்று முன்னால், அசையாமல் இருந்தது. அதன் கீழே கடைசியாகத் தகவல் வந்த நேரம் 12.41 என்று போட்டிருந்தது. மேலே மணி 12.44. நடுவில் இருந்த அந்த மூன்று நிமிடத்தில் என்ன ஆயிற்று என்று யாரைக் கேட்பது?

அந்த லாரியை ஓட்டுவது என் அம்மா.

அம்மாவுக்குப் போன் போட்டேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதிவுக்குரல் சொன்னது. மூன்றாவது தடவை விரல் தவறி, பட்டியலில் அடுத்த பெயரான பால்காரருக்குப் போய்விட்டது. அவர் தூக்கத்தில் எடுத்து யாருங்க என்றார். வெட்டிவிட்டேன்.

அப்பா பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். வலிப்பு மாத்திரை போட்டுப் படுத்தால் அவரை எழுப்ப நேரமாகும். ஆனால் அதற்காக எழுப்பாமல் இருக்கவில்லை. எழுந்ததும் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். எந்த கியரில் வந்தாள் என்று கேட்பார்.

எந்த கியரிலும் வரவில்லை. நியூட்ரலில் வந்தாள். அப்படி வரச் சொன்னது நான்.

தொப்பூர் இறக்கத்தில் லாரிக்கு மணிக்கு முப்பது கிலோமீட்டர்தான் கணக்கு. அம்மா இருபத்தெட்டைத் தாண்ட மாட்டாள். பாளையம் டோல்கேட் தாண்டியதும் கீழ் கியரைப் போட்டு, இன்ஜின் இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, மெதுவாக உருண்டு இறங்குவாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். பதினொரு மாதமாக ஒவ்வொரு நடையிலும் இந்தத் திரையில் அதைப் பார்த்திருக்கிறேன். இருபத்தாறு, இருபத்தெட்டு, இருபத்தேழு. அந்த எண்களைப் பார்த்துக்கொண்டேதான் நான் தூங்கிப்போவேன்.

அப்பா இருபது வருஷம் லாரி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்ரதுர்காவில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு வலிப்பு வந்தது. அரைமணி நேரம் முன்பு வந்திருந்தால் வண்டியோடு போயிருப்பார். இனி ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரோடு கிளீனராக எத்தனையோ நடை போய்வந்தவள் அம்மா. ஆளில்லாத ரோட்டில் அவரே அவளை ஓட்ட விட்டும் இருக்கிறார். முப்பத்தொன்பது வயதில் அம்மா ஹெவி லைசென்ஸ் எடுத்தாள்.

எடுத்து என்ன? நாமக்கல்லில் எத்தனை லாரி ஆபீஸ் இருக்கிறதோ அத்தனையிலும் ஏறி இறங்கினாள். லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், பிறகு அம்மாவைப் பார்ப்பார்கள், போன் பண்ணுகிறோம் என்பார்கள். யாரும் பண்ணவில்லை. அர்த்தநாரி என்ற முதலாளி மட்டும் வேறு மாதிரி இருந்தார். அவருக்கு ஆறு வண்டிகள். கர்நாடகாவிலிருந்து மக்காச்சோளம் ஏற்றிவந்து இங்கே கோழித்தீவன மில்லில் இறக்குகிற ஓட்டம். ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். பத்துச் சக்கர வண்டி, பழசு. என் போனில் இந்த ஜி.பி.எஸ். செயலியைப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். பார்த்துக்கொண்டிருந்தால் பயமில்லாமல் இருக்கும் என்றார்.

அவர் ஷெட்டில் ஒரு கரும்பலகை உண்டு. ஒவ்வொரு நடை முடிந்ததும் ஒவ்வொரு வண்டியும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்று டிரைவர் பெயருக்கு எதிரே எழுதிப் போடுவார். அதிகம் கொடுத்தவர் மேலே. மற்றவர்கள் நாலு, நாலே கால் என்று கொடுப்பார்கள். அம்மா மூன்றரையைத் தாண்டியதில்லை. தெய்வநாயகி என்ற பெயர் பதினொரு மாதமும் கடைசி வரியில்தான் இருந்தது. அதை அழித்து எழுதக்கூடத் தேவையில்லை என்று ஒருவர் சொன்னாராம். "தெய்வாக்கா எறக்கத்துலயும் டீசல் ஊத்தித்தான் வண்டியத் தள்ளுதுங்க" என்று இன்னொருவர். அம்மா இதையெல்லாம் சிரித்துக்கொண்டே வந்து எங்களிடம் சொல்வாள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும்.

மற்றவர்களுக்கு எப்படி நாலே கால் வருகிறது என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். புதுச்சத்திரத்தில் எங்கள் வரிசையில் எட்டு வீடு, அதில் ஐந்து டிரைவர் வீடு. வழியில் வருகிற இறக்கத்திலெல்லாம் நியூட்ரலில் விடுவார்கள், தொப்பூரில் மட்டும் எட்டு கிலோமீட்டர் சும்மா ஓடும். அப்பாவும் அப்படித்தான் இறக்குவார். கோவில் திருவிழாவில் ஆடு வெட்டின கதையைப் போல அதைப் பெருமையாகச் சொல்வார். யாரும் அதைத் தப்பாக நினைத்துக் கேட்டதே இல்லை.

போன மாதம் ஒரு கேஸ் டேங்கர் கம்பெனியில் பெண் டிரைவர்களை எடுப்பதாகச் செய்தி வந்தது. அம்மா மூன்று நாள் வகுப்புக்குப் போய் ஆபத்தான சரக்கு ஏற்றுவதற்கான சான்றிதழ் வாங்கினாள். வகுப்பில் கொடுத்த புத்தகத்தை ராத்திரியில் நான்தான் வாசித்துக் காட்டினேன். கம்பெனி மேனேஜர் சபரிநாதன் மரியாதையானவர். வண்டி புதுசு, கேபினுக்கு ஏசி, ஓட்டுகிறவர் பெயரில் காப்பீடு. விடிந்தால் காலை ஒன்பது மணிக்கு ஒரிஜினல் லைசென்ஸோடு வரச் சொல்லியிருந்தார். எட்டரைக்கு உங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

இங்கே ஒரு டிரைவர் இடம் மாறினால் கடிதம், சான்று எதுவும் கிடையாது. புது முதலாளி பழைய முதலாளிக்கு ஒரு போன் போடுவார். இரண்டே கேள்வி. வண்டியை வழியில் விட்டுவிட்டு ஓடிப்போன ஆளா? லிட்டருக்கு எவ்வளவு கொடுப்பார்? முதல் கேள்விக்கு அம்மா பயப்பட வேண்டியதில்லை. இரண்டாவதுக்குப் பலகை இருக்கிறது.

நான்கு நாளைக்கு முன்னால், மக்காச்சோளம் ஏற்றத் தாவணகெரேக்குக் கிளம்பும்போது, அம்மா தக்காளித் தொக்கை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அப்பா எப்பவும் நியூட்ரல்லதானே எறக்குவாரு. நீ மட்டும் ஏம்மா கியர்லயே உருட்டற? இந்த ஒரு நடைக்கு மட்டும் எடுத்துவுடு. அந்த மேனேஜரு போன் பண்றப்போ பலகைல உம் பேரு மேல இருக்கும்."

"வகுப்புல வேண்டாம்னு சொன்னாங்கல்ல சாமி. நீதான் படிச்சுக் காட்டுன."

"அது கேஸ் வண்டிக்குச் சொன்னது. இது வெறும் மக்காச்சோளந்தானே."

அம்மா தொக்கு ஒட்டிய கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "டிரைவர் மகளாச்சே" என்றாள். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. செய்வாள் என்று நான் நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இன்று ராத்திரி பன்னிரண்டரைக்கு லாரிப் படம் பாளையம் டோல்கேட்டைத் தாண்டி, எண் முப்பத்தைந்தைக் கடந்தபோது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எப்படி மறைப்பது? நாற்பத்தொன்று வரைக்கும் சந்தோஷமாக இருந்தது.

12.52க்குப் போன் அடித்தது. அம்மா இல்லை. அர்த்தநாரி. வேகம் கூடினால் அவருக்கு மெசேஜ் போகும்.

வண்டி நிற்கிறதா என்று முதலில் கேட்டார். தெரியவில்லை என்றேன். லோடு சாய்ந்திருக்குமா என்று தனக்குத்தானே சொல்வதுபோலக் கேட்டார். மூன்றாவதாகத்தான் அம்மா போன் எடுத்தார்களா என்று கேட்டார். இந்த வரிசையை நான் மறக்க மாட்டேன். எடுக்கவில்லை என்றேன். அந்தப் பக்கம் அவர் எழுந்துகொள்கிற சத்தம் கேட்டது. பிறகு யாரையோ எழுப்புகிற சத்தம், கார்ச்சாவி எங்கே என்கிற சத்தம். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன், வழியில் அப்பாவை ஏற்றிக்கொள்கிறேன், எழுப்பி வை என்றார்.

எழுப்பப் போனேன். அப்பாவின் தோளில் கை வைத்தேன். மறுபடியும் போன்.

"சாமி, நான் நல்லாருக்கறேன்."

அம்மாவின் குரல். பின்னால் லாரிகள் உறுமிக்கொண்டு போகிற சத்தம். அவளே சொல்லிக்கொண்டு போனாள். முதல் வளைவு வரை எல்லாம் சரியாக இருந்ததாம். இரண்டாவது வளைவில் முன்னால் ஒரு காரின் சிவப்பு விளக்கு தெரிந்ததும் பிரேக்கை மிதித்தாள். வேகம் குறைந்தது, காலை எடுத்ததும் கூடியது. மிதித்து மிதித்து எடுத்ததில் சக்கரத்திலிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. கியரைப் போடப் பார்த்தாள். அந்த வேகத்துக்கு எதுவும் விழவில்லை, கறகறவென்று அரைத்துத் தள்ளியது. பிரேக்குக்கான காற்று அழுத்தம் காட்டுகிற முள் சிவப்புக்கு வந்தது. ஹாரனை அமுக்கியபடி, விளக்கை அடித்தபடி வந்தாள். ஒரு பஸ் ஒதுங்கி வழிவிட்டது. பாலத்தை எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் கொஞ்சம் சமமாக வந்த இடத்தில் இன்ஜினை முறுக்கி அடித்ததில் ஒரு கியர் விழுந்தது. இடது பக்கம் மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டாள். சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டே இருந்ததாம்.

"ஸ்டீயரிங்க உட்டு இன்னும் எறங்கல சாமி. பின்னால வந்த லாரிக்காரரு ஓடி வந்து சக்கரத்துக்குக் கட்டை போட்டாரு. போட்டுட்டு எங்கிட்டயே கேக்கறாரு, ஏனுங்கம்மா, டிரைவரு குதிச்சுட்டானான்னு."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். எழுபத்தொன்றைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாக இருந்தது. நிற்காமல் சிரித்தாள். பிறகு நின்றது.

"அப்பனை எழுப்பிப் போனைக் குடு. நீ சொன்னதை யாருகிட்டயும் சொல்லாத. நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். விஷயம் புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. போனை வாங்கி ஒலிபெருக்கியில் போட்டார். அடிபட்டதா என்று கேட்டார். இல்லை. வேறு யாருக்காவது? இல்லை. பெருமூச்சு விட்டார். அப்புறம் அதைக் கேட்டார்.

"எந்த கியர்ல புள்ள வந்த?"

அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்து போனது.

"நாலாவதுலதானுங்க. பிரேக்கு சூடாயிருச்சுங்க."

அப்பா சரி என்றார். வண்டிக்குள் உட்காராதே, ரோட்டோரத்திலும் நிற்காதே, தள்ளிப்போய் மேட்டில் உட்கார் என்றார். போனை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது செயலி திறந்துகொண்டது. பச்சை லாரி, எழுபத்தொன்று. நாலாவது கியரில் அந்த வண்டி எழுபத்தொன்று போகாது. இருபது வருஷம் ஓட்டியவருக்கு அது தெரியாதா? அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டப் பாத்ததுதான்" என்றார் கடைசியில். "பக்கத்துலயே உக்காந்து வந்தாளே. நான் பண்ணுனதுதானே அவளுக்கும் வரும்."

இல்லையப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சட்டையைத் தேடி, கையில் கிடைத்த துண்டைச் சட்டை என்று நினைத்துக் கையை விடப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். சொல்லவில்லை.

ஒன்றரைக்குக் கார் வந்தது. பின் சீட்டில் மெக்கானிக், மடியில் பிரேக் சாமான் பெட்டி. அர்த்தநாரி லுங்கியோடு வந்திருந்தார். நான் அவரை வெள்ளை வேட்டி இல்லாமல் பார்த்ததே இல்லை. திட்டப்போகிறார் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். திட்டவில்லை. அப்பாவைக் காரில் ஏறச் சொல்லிவிட்டு, ஏறாமல் தான் மட்டும் வாசலில் நின்றார்.

"காலைல அந்த கேஸ் கம்பெனிக்காரரு போன் பண்ணுவாருங்களா குமாரு?" என்று அப்பாவைக் கேட்டார்.

நாங்கள் யாரும் அவரிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"லாரி ஊர்ல இதெல்லாம் தெரியாமப் போகுமா? உட்டுத்தள்ளுங்க. நான் என்ன சொல்லோணும்னு மட்டும் கேட்டுக்கறேன். இன்னிக்கு நடந்ததைச் சொன்னா எடுக்க மாட்டாங்க. நல்லபடியாச் சொன்னா எடுத்துக்குவாங்க."

நடந்ததையே சொல்லுங்கள் என்றார் அப்பா. அர்த்தநாரி ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்லி நான் சொல்லக் கூடாதுங்க. வண்டி ஓட்டறது அந்தம்மா. அவங்க எப்படிச் சொல்லச் சொல்றாங்களோ அப்படிச் சொல்றேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, கதவைத் தாழ் போட்டுக்கொள் சாமி என்றார். கார் போனது. டயர் தடத்தில் எழுந்த தூசி தெருவிளக்கின் கீழே நெடுநேரம் நின்றது. தாழ் போட்டேன். போட்டேனா என்று இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன்.

இரண்டே காலுக்கு அம்மா மறுபடி பேசினாள். ரோந்துப் போலீஸ் வந்து வண்டியைச் சுற்றிக் கூம்பு வைத்துவிட்டார்கள், ஒரு போலீஸ்காரர் தண்ணீர் கொடுத்தார், மேட்டில் ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். குரல் இப்போது அவள் குரலாக இருந்தது. முதலாளி வழியிலிருந்து அவளுக்கும் பேசியிருக்கிறார், அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

"நான் அவருகிட்டக் காலைல சொல்றேன்னுட்டேன். உங்கப்பனைக் கேட்டா உன்ற இஷ்டம்பாரு. அவரு ஓட்ட முடியாத வருத்தத்துல எதையும் சொல்ல மாட்டாரு. நீ சொல்லு சாமி. அந்தக் கம்பெனிக்குப் போகட்டுமா, இங்கயே இருக்கட்டுமா?"

"ஏம்மா என்னைக் கேக்கற?"

"வேற யாரைக் கேக்கறது? எனக்குன்னு யோசிக்கறது நீ ஒருத்திதான். வண்டி சரியாகி நாமக்கல் வாரதுக்கு ஏழு மணி ஆயிரும். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு. ஓட்டாத, ஊட்டுக்கு வந்துருன்னு மட்டும் சொல்லிராத."

வைத்துவிட்டாள். ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன்.

இப்போது மணி மூன்று. அப்பா அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். செயலியும் சரியாகிவிட்டது. லாரி பாலத்தைத் தாண்டி நிற்கிறது, வேகம் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இப்படியே இருந்தால் போதும் என்று தோன்றுகிறது. ஆனால் விடியும்போது அது நகரும்.

வகுப்புப் புத்தகத்தை எடுத்து மறுபடி படித்தேன். முப்பத்திரண்டாம் பக்கம். இறக்கத்தில் எக்காரணம் கொண்டும் நியூட்ரலில் ஓட்டக் கூடாது. பக்கத்தில் ஒரு டேங்கர் படம், அதைச் சுற்றிச் சிவப்பாகத் தீ. இதை நான் சத்தமாக வாசித்தேன், அம்மா தலையாட்டிக் கேட்டாள். அப்படியிருந்தும் நான் ஒரு தடவை சொன்னதும் செய்துவிட்டாள். டேங்கரில் போனால் மங்களூரிலிருந்து ஏற்றிக்கொண்டு ஷிராடி மலைப்பாதையில் ஏற வேண்டும், மழைக்காலத்தில் அங்கே ரோடே தெரியாது என்று அப்பா ஒருமுறை சொன்னார். முதுகில் பதினெட்டு டன் கேஸ். இருபது நாளைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவாள். அந்த வண்டியின் எண்ணை என் போனில் யாரும் போட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

புது வண்டி, புது பிரேக். அங்கே பலகை இருக்காது. ஆனால் லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்கிற ஆள் அங்கேயும் இருக்கிறாரே. கேட்கத்தானே காலையில் போன் பண்ணப்போகிறார்?

இங்கேயே இருக்கச் சொல்லலாம். வண்டிதான் முதலில் ஞாபகம் வந்தாலும், அர்த்தநாரி லுங்கியோடு கிளம்பி வந்தார். ஆனால் அந்தப் பழைய வண்டியில், அதே தொப்பூரில், நாலைந்து நாளைக்கு ஒருமுறை அம்மா இறங்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. தொப்பூருக்கு முன்னால் வந்த இறக்கங்களிலும் அம்மா இப்படித்தான் விட்டிருப்பாள், டீசல் மிச்சம். இந்த நடையில் நாலு வந்துவிடும். நாளைக்கு ஷெட்டில் கணக்குப் போட்டால் தெய்வநாயகி என்ற பெயர் முதல்முறையாகக் கடைசி வரியிலிருந்து மேலே போகும். எல்லோரும் கைதட்டுவார்கள். அதைப் பார்த்த பிறகு அம்மா மறுபடி இருபத்தெட்டில் இறங்குவாளா?

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அவரையே முடிவு செய்யச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். பக்கத்தில் அர்த்தநாரியும் மெக்கானிக்கும் நிற்பார்கள். வைத்துவிட்டேன்.

வெளியே பைபாஸில் லாரிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றும் எந்த கியரில் போகிறது என்று என் காது தானாகப் பார்க்கிறது. எனக்குப் பதினேழு வயது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. நான் இதுவரை ஒரு மொபெட்கூட ஓட்டியதில்லை.

நான் யோசிக்காமல் சொன்ன ஒரு வார்த்தைக்கு அம்மா கியரை எடுத்துவிட்டாள். இப்போது யோசித்துச் சொல்லச் சொல்கிறாள். ஏழு மணிக்கு அவள் கேட்கும்போது நான் எதைச் சொல்ல?